நீலகிரியில் இருந்து இறங்கினால் எந்தக் கடற்கரை? சென்னை, தூத்துக்குடி, கோழிக்கோடு: ஓர் அலசல்

ஆயுத பூஜை முடிந்தாலே நீலகிரியில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "இந்த வருஷமும் இந்தக் குளிர் அம்மாவுக்கு ஆகாது, கீழே அனுப்பிடலாமா?" மகள் சென்னையில் இருந்தால் சென்னை, பூர்வீகம் தூத்துக்குடி என்றால் தூத்துக்குடி என்று முடிவும் உடனே ஆகிவிடும். எந்த ஊர் என்று யோசிக்கிறவர்கள் எந்த மாதம் என்று யோசிப்பது அபூர்வம்.

நம் பக்கத்துக் கடற்கரைகள் எல்லாமே மலைக்காரர்களுக்குப் போதுமான கதகதப்பு உள்ளவை. ஜனவரியிலும் இரவில் மின்விசிறி போட்டுத்தான் தூங்க வேண்டியிருக்கும். அதனால் கதகதப்பை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. மழையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கணக்கு இதுதான்: ஐப்பசியிலேயே இறங்குவதென்றால் கோழிக்கோடு, மார்கழி முதல் வாரத்துக்கு மேல் இறங்குவதென்றால் தூத்துக்குடி அல்லது சென்னை. இதை மாற்றிச் செய்தால், குளிரில் இருந்து தப்பித்து வெள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

மேலே எங்கே இருக்கிறீர்கள்?

நீலகிரி முழுக்க ஒரே குளிர் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850, கோத்தகிரி சுமார் 1,800. உறைபனி பெரும்பாலும் ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கத்துப் பிரச்சினை. நவம்பரில் நீர்ப்பனி விழ ஆரம்பிக்கும், அப்புறம் டிசம்பரில் உறைபனி. அந்தச் சமயத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகள் கருகாமல் இருக்க, கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து மேலே போர்த்தி வைப்பார்கள். வயதானவர்களுக்கும் அதே மாதங்கள்தான் கஷ்டம். ஆக, ஊட்டிக்காரர்கள் தப்பிக்க வேண்டிய காலம் டிசம்பர் பாதியில் இருந்து பிப்ரவரி வரை.

குன்னூர், கோத்தகிரிக் கதை வேறு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும் என்றால், கிழக்குச் சரிவில் உள்ள குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில் நனைபவை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி மோசமான வருஷமாக இல்லாவிட்டாலும் அக்டோபர், நவம்பரில் எங்களுக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. நாள்கணக்கில் வெயிலே இருக்காது. போர்வை காயாது, பீரோவுக்குள் பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும், மூட்டுவலிக்காரர்கள் படியிறங்கவே யோசிப்பார்கள். ஜனவரி வந்தால் குன்னூர் பகல் நேரத்தில் நல்ல வெயிலோடு அழகாகத்தான் இருக்கும். ராத்திரிக்கு ஒரு கம்பளி கூடப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

குன்னூர்க்காரர்களுக்கு ஓடவேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. ஊட்டிக்காரர்களுக்கு மார்கழி, தை. எந்தக் கடற்கரை என்பதை இந்த வித்தியாசமே பாதி முடிவு செய்துவிடுகிறது.

சென்னை, புதுச்சேரி

வசதி என்று பார்த்தால் சென்னையை எதுவும் அடிக்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, எல்லாம் தமிழிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்ற பழமொழி இந்தக் கடற்கரைக்கென்றே சொன்னது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் சென்னையில் சராசரியாகச் சுமார் 80 சென்டிமீட்டர் பெய்கிறது. அண்மை வருஷங்களின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2015 டிசம்பர் 1, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர். மலையில் இருந்து அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வைக்கும் அதே வாரங்கள் இவை. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரியான தாழ்வான பகுதியில், தரைத்தள வீட்டில், கரண்ட் இல்லாமல், முழங்கால் தண்ணீருக்கு நடுவே எழுபது வயதுக்காரர் இருப்பதை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது. மேல்மாடி என்றால் தண்ணீர் வராதுதான். ஆனால் லிஃப்ட் நின்றுவிட்டால் மருந்து வாங்கக்கூட இறங்க முடியாது.

இன்னொன்று கொசு. மலையில் கொசுவலை கட்டிப் பழக்கமே இல்லாதவர்கள், டெங்கு தலைதூக்கும் பருவமழை மாதங்களில் இங்கே வந்து சேருகிறார்கள். கொசுவலையை முதல் நாளே கட்டிவிடுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட வேண்டாம்.

டிசம்பர் 20-க்கு மேல் இதே சென்னை வேறு ஊராகிவிடும். ஜனவரியில் பகல் 29, 30 டிகிரி, ராத்திரி 21 டிகிரி அளவில் இருக்கும். காலையில் கடற்கரையில் நடக்கலாம், சாயங்காலம் கச்சேரிக்குப் போகலாம். மார்ச்சில் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு இந்த இரண்டு, இரண்டரை மாதக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தூத்துக்குடி

எனக்கு மனசுக்குப் பிடித்த தேர்வு இது. கிழக்குக் கடற்கரையில் மழை குறைவாகப் பெய்யும் ஊர்களில் ஒன்று. பருவமழைக் காலத்தில் சென்னைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான் இங்கே. தரை சீக்கிரம் காய்ந்துவிடும், காற்று இருந்துகொண்டே இருக்கும். சென்னையோடு ஒப்பிட்டால் செலவும் கம்மி. மேட்டுப்பாளையத்தில் இருந்து தூத்துக்குடிக்கு 2024-இல் வாரம் இரண்டு நாள் ரயிலும் விட்டார்கள். அதற்கு முன் கோவையில் இறங்கி வண்டி மாறிப் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இங்கே எப்போது போவது என்பதை உப்பளத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மழை தொடங்கியதும் உப்பு வாருவது நின்றுபோகும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும், வேலையும் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பது அதனால்தான். பொங்கலை ஒட்டிப் பாத்திகளைச் சீர்செய்து, சேறு வழித்து, மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். மழையை நம்பிப் பிழைப்பை நிறுத்தி, மழை போனதை நம்பிப் பிழைப்பைத் தொடங்குகிற மனிதர்கள் அவர்கள். வானிலை அறிவிப்பைவிட அவர்கள் பாத்தியில் இறங்குவதுதான் எனக்கு நம்பிக்கையான அடையாளம். அவர்கள் வேலை தொடங்கும்போது நீங்களும் போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

மழை குறைந்த ஊர் என்பதற்காக ஐப்பசியிலேயே போய்விடலாமா? 2023 டிசம்பர் 17, 18 அதற்குப் பதில். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். அப்படி ஒரு மழை எப்போதாவதுதான் வரும். ஆனாலும் அது வந்தது மார்கழி பிறந்த வாரத்தில் என்பதை மறக்கக் கூடாது.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டி வரலாம். இதய நோயாளிகள் இருக்கும் வீட்டில் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

நாகர்கோவில், கன்னியாகுமரி பற்றியும் கேட்பார்கள். ஊர் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டம் அது. ஒக்கி புயல் அடித்ததும் 2017 நவம்பர் 30-இல்தான். சொந்தக்காரர்கள் இருந்தால் தையில் போகலாம். மற்றபடி இதற்காகத் தேடிப்போக வேண்டிய ஊராக எனக்குத் தோன்றவில்லை.

கோழிக்கோடு

நீலகிரிக்காரர்கள் பலருக்குக் கடற்கரை என்றதும் கிழக்குதான் ஞாபகம் வருகிறது. வரைபடத்தைப் பார்த்தால் ஊட்டிக்குக் கிட்டத்தில் உள்ள கடல் கோழிக்கோட்டுக் கடல். கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். கூடலூர், பந்தலூர் மக்கள் வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் காலங்காலமாக அங்கேதான் போகிறார்கள்.

இங்கே கொட்டித்தீர்ப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. அக்டோபரிலும் நவம்பரிலும் மழை உண்டு, ஆனால் அதன் குணம் வேறு. காலையில் நல்ல வெயில், மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்துவிடும். எங்கள் அத்தை அங்கே இருக்கும்போது எட்டு மணிக்குத் துணியைக் கொடியில் போட்டு, இரண்டு மணிக்கு உள்ளே எடுத்துவிடுவார். மொடமொடவென்று காய்ந்திருக்கும். குன்னூரில் அதே ஐப்பசியில் அடுப்படியில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிற அவருக்கு, இதுவே பெரிய சந்தோஷம். டிசம்பர் வந்துவிட்டால் பிப்ரவரி வரை மழை பெயருக்குத்தான். வங்கக்கடல் புயல்கள் மலையைத் தாண்டி வருவதற்குள் பலம் இழந்துவிடுகின்றன.

அப்படியானால் எல்லோரும் ஏன் அங்கே போவதில்லை? மனிதர்கள்தான் காரணம். மகனும் மகளும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார்கள். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் பாதிப்பேர் இறங்குகிறார்களே! மலையாளம் காதில் விழுந்து பழகியவர்களுக்குப் பரவாயில்லை. பழகாதவர்கள் பக்கத்து வீட்டோடு பேச்சுத்துணை இல்லாமல் ஒடுங்கிப்போவார்கள். வயதான காலத்தில் தனிமை குளிரைவிடக் கொடியது. அதனால் தம்பதியாகப் போகிறவர்களுக்கு, அல்லது அங்கே தெரிந்த குடும்பம் உள்ளவர்களுக்கு மட்டுமே கோழிக்கோட்டைத் துணிந்து சொல்வேன். மற்றபடி மருத்துவமனைக்கு அங்கே பஞ்சமில்லை. புழுக்கம் மட்டும் கிழக்கைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கடலே வேண்டாம், மேட்டுப்பாளையமோ கோவையோ போதும் என்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு அது நல்ல முடிவுதான். ஆனால் மலையடிவாரத்து மழையும் அதே காலத்தில்தான் என்பதால், ஈரத்தில் இருந்து தப்பிக்க நினைப்பவர்களுக்கு லாபம் குறைவு.

இறங்குகிற நாள்

குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் பர்லியார் சாலையிலும் கோத்தகிரிச் சாலையிலும் மழைக்காலத்தில் மண் சரிவதும் மரம் விழுவதும் வழக்கம். மலை ரயில் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே அடிக்கடி நிறுத்தப்படும், அதை நம்பி இணைப்பு ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். ராத்திரி ரயில் என்றாலும் மத்தியானமே இறங்கிவிடுவது நல்லது. குன்னூர்க்காரர்கள் கோழிக்கோட்டுக்கு ஊட்டி, கூடலூர் வழியாக வளைவில் வளைவாகப் போவதைவிட, கோவைக்கு இறங்கிப் பாலக்காடு வழியாக ரயிலில் போகலாம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதுவே நிம்மதி.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். வெப்பமான இடத்துக்கு வந்ததும் குறையலாம். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பும், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நாமாகவே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. அருவங்காடு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் போன்ற மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை எந்த ஊரில் இருந்தும் டிஜிட்டலாகவே கொடுத்துவிடலாம். அதற்காக மலையிலேயே காத்திருக்க வேண்டாம்.

படுகர் வீடுகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். எங்கெங்கோ வேலையில் இருப்பவர்கள்கூட அம்மன் கோயில் இருக்கும் பேரகணிக்கு வந்து சேரும் நாளில், வீட்டுப் பெரியவர் கீழே இருக்க மனசு ஒப்புமா? அவர்களுக்கு இரண்டு வழி. பண்டிகை முடிந்த கையோடு தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ இறங்குவது. அல்லது ஐப்பசியில் கோழிக்கோடு போய்விட்டு, பண்டிகைக்கு மேலே வந்துவிடுவது.

பூட்டிய வீட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரியில் ஆள் இல்லாத வீட்டுக்குத் திருடனைவிடக் கரடிதான் பயம். விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கும் பிராணி அது. சமையலறையில் எண்ணெய், நெய், வெல்லம், அரிசி, பூஜை அறை விளக்கில் மிச்ச எண்ணெய் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்குகூட இருக்கக் கூடாது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: குன்னூர், கோத்தகிரியில் ஈரம் தாங்காத தம்பதிக்குக் கோழிக்கோடு, ஐப்பசி முதல் தை வரை. ஊட்டியில் உறைபனிக்குப் பயப்படுகிறவர்களுக்குத் தூத்துக்குடி, பொங்கலை ஒட்டி. பிள்ளைகள் சென்னையில் இருந்தால், அல்லது பெரிய மருத்துவமனை பக்கத்தில் வேண்டும் என்றால் சென்னை, ஆனால் டிசம்பர் 20-க்கு முன்னால் வேண்டவே வேண்டாம். திரும்புவதை மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஊட்டி சீசன் கூட்டம் தொடங்கிவிடும். பிள்ளைகளின் வெளியூர்ப் பதிவெண் காரில் ஏறுவதாக இருந்தால், 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இருக்கும் இ-பாஸ் நடைமுறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.என். 43 பதிவெண் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.