அங்கியா, சொந்த டிரெஸ்ஸா?
சர்ச் ஆராதனைல பாடறவங்களுக்கு அங்கினா (எல்லாரும் ஒரே மாதிரி மேல போட்டுக்கற நீள உடுப்பு) ஒரு பெரிய வசதி, யாரு காஸ்ட்லியா போட்டுருக்கா யாரு பழசு போட்டுருக்கான்னே தெரியாது, கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடிடும், யாரும் யாரையும் கூப்ட்டு டிரெஸ் சரியில்லன்னு சொல்ற சங்கடமும் இல்ல. ஆனா புழுக்கம், சைஸ் பிரச்சனை.

சொந்த டிரெஸ் ஈஸிதான், ஆனா மேடை உயரம், முன் வரிசைல உக்காந்து பாருங்க, கீழ நிக்கும்போது சரியா இருந்த பாவாடை நீளம் அங்க வேற மாதிரி தெரியும். பைபிள்ல யாத்திராகமம் 28:42ல ஆசாரியர்களுக்கு இடுப்புலேர்ந்து தொடை வரைக்கும் லினன் உள்ளாடை, 20:26ல பலிபீடத்துக்குப் படியே வேணாம்னு இருக்கறதும் உடம்பு வெளில தெரியக் கூடாதுன்னுதான். அதுவும் ஆம்பளைங்களுக்கு! (நாம பொண்ணுங்க டிரெஸ்ஸ மட்டும்தான குறை சொல்றோம்.)

பாட மட்டும்னா என் ஓட்டு அங்கிக்கு. கிட்டார், டிரம்ஸ் வாசிக்கறவங்களுக்கு அகலக் கை இடைஞ்சல், கையத் தூக்கினா மேல ஏறாத சட்டை போட்டா போதும்.