பிசாப்பா, பூயா? செனகலின் இரண்டு பானங்கள்

டக்கார் தெருக்களில் பாக்கெட்டிலும் பாட்டிலிலும் விற்கும் இரண்டு பானங்கள்: சிவப்பாக இருந்தால் பிசாப், பால் வெள்ளையாக இருந்தால் பூய். பிசாப், புளிச்சகீரைச் செடியின் சிவந்த புல்லி இதழை வேகவைத்து எடுப்பது. பூய், மன்னாரிலும் நிற்கும் பெருக்க மரத்தின் பழத்திலிருந்து வருவது. அந்தப் பழம் மரத்திலேயே காய்ந்து, உள்ளே சதை தானாகப் பொடியாகிவிடும். விதையோடு ஊறப்போட்டுக் கையால் பிசைந்து வடிகட்டினால் போதும்.

சத்துக்கணக்கில் பூய் முந்துகிறது. 100 கிராம் பொடியில் வைட்டமின் சி பெரும்பாலும் 150 முதல் 300 மி.கி. வரை, மரத்துக்கு மரம் மாறும். கால்சியம் சுமார் 300 மி.கி., எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அடுப்பில் ஏற்றாததால் வைட்டமின் சி அவ்வளவாக வீணாவதில்லை. ஆனால் 100 கிராமை யார் ஒரே மூச்சில் குடிக்கிறார்கள்? ஒரு டம்ளருக்கு 20 கிராம் என்று வைத்தால் வைட்டமின் சி 30 முதல் 60 மி.கி., நல்ல அளவுதான். கால்சியமோ 60 மி.கி.; அரை டம்ளர் பாலே அதைத் தாண்டிவிடும். "பாலைவிடப் பல மடங்கு கால்சியம்" என்று டப்பாவில் எழுதுவதெல்லாம் எடைக்கணக்கு வித்தை. புரதமும் மிகக் குறைவு. கால்சியத்துக்கு அந்த மரத்தின் இலைதான் தேவலை. காயவைத்துப் பொடித்து, லாலோ என்ற பெயரில் கம்புச் சோற்றில் கலக்கிறார்கள்.

மருந்து என்று வந்தால் கதை மாறுகிறது. வயிற்றுப்போக்குக்குப் பூய் கொடுப்பது அங்கே பழைய வழக்கம்; உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு அது மாற்று ஆகாது. பிசாப்புக்கு மனிதர்களிடம் செய்த சோதனையே இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தம் சற்றே கூடிய 65 பேர் பங்கேற்றார்கள். பிசாப்புக்கு எடுக்கும் அதே புல்லி இதழில் போட்ட தேநீரைத் தினமும் 3 கோப்பை 6 வாரம் குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7.2 இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பூய்க்கு இந்த விஷயத்தில் இப்படி ஒரு சான்று கிடையாது.

சரி, தெருவில் விற்கும் பிசாப் அதே வேலையைச் செய்யுமா? அதில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார்கள். அழுத்தத்துக்காகக் குடிப்பவர் இனிப்பில்லாமல் வீட்டில் காய்ச்சுவதே சரி. பூயிலும் சர்க்கரை உண்டு, சில வீடுகளில் கெட்டிப்பாலும். வளரும் பிள்ளைகளுக்கு என் ஓட்டு இங்காலாக்குக்கு: கம்பு, வேர்க்கடலை விழுது, பூய் மூன்றும் சேர்ந்த கூழ். புனித வெள்ளியன்று கத்தோலிக்க வீடுகளில் செய்து, இஸ்லாமிய அண்டை வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். பூயில் இல்லாத புரதத்தைக் கடலை ஈடுகட்டிவிடும்.

அப்புறம், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தினசரி பிசாப் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். மலேரியாவுக்கான குளோரோகுயினை இந்தப் பானத்தோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறைகிறது என்று சூடானில் கண்டிருக்கிறார்கள். மாத்திரைக்குத் தண்ணீர் போதும்.