கீ ரிட்ஜ் ஏற்றத்தில் உதறிய கார்: மூன்றாண்டு ஓட்டியவனின் மதிப்புரை

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தை நிலைகுலைய வைத்த வெள்ளத்தில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தெருவில் நிறுத்தியிருந்த பழைய கார் இருக்கை மட்டம் வரை மூழ்கிப்போனது. காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, இதைப் பழுதுபார்ப்பதைவிடக் கழித்துவிடுவதே மேல் என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தொகையோடு வங்கிக் கடனையும் சேர்த்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று ஒரு புதிய கிராஸ்ஓவரை எடுத்தோம். இப்போது அதன் ஓடோமீட்டர் 71,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. வண்டியின் பெயரையும் விற்ற ஷோரூமின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒரே கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டியிருக்கும் இரண்டு ஒர்க்‌ஷாப்புகளில் ஒன்று எங்களை அலைக்கழித்தது, மற்றொன்று கைகொடுத்தது. பெயரைச் சொன்னால் இரண்டின் மேலும் ஒரே அடிதான் விழும்.

முதலில் வண்டியின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். முழங்கால் வலியுள்ள என் அம்மா குனியாமலும் தொற்றி ஏறாமலும் உட்காரக்கூடிய உயரத்தில் இருக்கை அமைந்திருக்கிறது. இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் அதுதான். கோயில் அன்னதானத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு பெரிய அண்டாக்களும் ஒரு மூட்டை அரிசியும் பின்னால் தாராளமாக அடங்கும். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டியதில் 100 கிலோமீட்டருக்குச் சராசரியாக 8.1 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. ஷோரூமில் சொன்ன கணக்கைவிட இது கூடுதல், ஆனாலும் இந்த மேடுபள்ளமான ஊருக்குக் குறைசொல்ல முடியாத அளவு. முதல் மாதங்களில் தொடுதிரை அவ்வப்போது கருத்துப்போய்த் தானாகவே மீண்டும் உயிர்பெறும். ஒரு மென்பொருள் புதுப்பிப்போடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

வாங்கும்போது எங்களுக்கு மூன்று தாள்கள் தரப்பட்டன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன், நானும் அப்படித்தான் இருந்தேன். ஐந்து ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது தயாரிப்பிலேயே உள்ள குறைக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. சர்வீஸ் பிளான் என்பது குறித்த இடைவெளியில் செய்யும் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட்ட பணம். எங்களுடையது 60,000 கிலோமீட்டரோடு முடிந்துபோனது. பிரேக் பேட், வைப்பர் போன்ற தேயும் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் பிளான் வேறொன்று; அது எங்களுக்கு விலைப்பட்டியலாக மட்டுமே தரப்பட்டது, நாங்கள் வாங்கவில்லை. பிரேக் பேடுக்காக வாரண்டியைக் காட்டிச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஆனால் தயாரிப்புக் குறையை ‘தேய்மானம்’ என்றோ ‘இயல்பு’ என்றோ பெயர் மாற்றி நம் தலையில் கட்டுவார்கள், அங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் வண்டியின் பெரிய கோளாறு கியர்பாக்ஸில் இருந்தது. இரட்டைக் கிளட்ச் அமைப்பில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சமதளத்தில் ஓடும்போது கியர் மாறுவதே தெரியாது. ஏற்றத்தில், முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊரும்போதோ, கிளட்ச் முழுதாகப் பற்றாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடாகும், சூடானால் உதறும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் ஏறியாக வேண்டும். அந்த என்3 நெடுஞ்சாலையில் விரிவாக்கப் பணி தொடங்கியதிலிருந்து, கீ ரிட்ஜ், ஹாமர்ஸ்டேல் பகுதிகளில் துறைமுகத்திலிருந்து சுமையேற்றி வரும் லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் ஊர்ந்து ஏறுவது வாடிக்கையாகிவிட்டது. மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மாதம் இருமுறை நாங்கள் செல்லும் வழி அது.

2022 டிசம்பரில், பள்ளி விடுமுறை நெரிசலில், அந்த ஏற்றத்தில் வண்டி முதன்முறையாக உதறியது. காலைத் தூக்கிவிட்டு மீண்டும் மிதித்தால் ஒரு நொடி சும்மா இருக்கும், பிறகு இடித்துத் தள்ளியதுபோல் முன்னே பாயும். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, பாதுகாப்பாக ஓரம் கட்டவும் என்று திரையில் எச்சரிக்கையும் வந்தது. வாங்கிய ஒர்க்‌ஷாப்பில் 2023 ஜனவரி 17 அன்று மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தார்கள். கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. ஏப்ரல் 7 பெரிய வெள்ளி. மாரிட்ஸ்பர்க் கோயிலில் ஆண்டுதோறும் அன்றுதான் பூமிதி. அம்மாவை அழைத்துப் போவதற்காக விடியற்காலையிலேயே கிளம்பினோம். அதே ஏற்றத்தில் அதே உதறல், அதே எச்சரிக்கை. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இருபது நிமிடம் நின்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குண்டத்தில் இறங்க வேண்டியவர்கள் பாதிப் பேர் இறங்கி முடித்திருந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதலாக உறுத்தியது.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து 11-ஆம் தேதி வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். மாலையில் கிடைத்த ஜாப் கார்டில், அதாவது செய்த வேலையை எழுதித் தரும் சீட்டில், ‘ஓட்டிப் பார்த்தோம், பழுது தென்படவில்லை’ என்று ஒரே வரி. எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்; ஒர்க்‌ஷாப்பைச் சுற்றியுள்ள சமதளத் தெருக்களில் என்றார் சர்வீஸ் அட்வைசர். இந்த வகைக் கியர்பாக்ஸின் இயல்பே இதுதான், ஓட்டிப் பழகிவிடும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். நானும் திரும்பி வந்துவிட்டேன். அது என் தவறு.

ஏன் தவறு என்றால், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56-ஆம் பிரிவின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால், பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைச் சொல்லும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. அப்படிப் பழுதுபார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் குறை சரியாகாமல் நின்றாலோ புதிதாக ஒன்று முளைத்தாலோ, விற்றவர் பொருளை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். எங்கள் தேதிகளை எண்ணிப் பாருங்கள்: ஆகஸ்ட் 12, ஜனவரி 17, ஏப்ரல் 7. எல்லாம் கெடுவுக்குள்ளேயே இருந்தன. கம்பெனி தரும் ஐந்தாண்டு வாரண்டியைவிட இந்த ஆறு மாதச் சட்டப் பாதுகாப்பு வலுவானது என்பதை ஷோரூமில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சொன்னது சட்டம் படிக்கும் என் மகள், அதுவும் ஜூலை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, அந்த ஒற்றை வரி ஜாப் கார்டைப் பார்த்துச் சிரித்த பிறகு.

ஆகஸ்டில் வண்டியை மாரிட்ஸ்பர்க்கில் உள்ள இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அது சிறிய இடம், இரண்டே லிஃப்டுகள். காப்பி இயந்திரம்கூடக் கிடையாது. ஜூலு மெக்கானிக் ஒருவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “பாபா (ஐயா), நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்” என்றார். மடியில் ஸ்கேன் கருவி. அதிலிருந்து ஒரு கேபிள் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்குக்குப் போனது. ஊரை ஒட்டிய டவுன் ஹில் ஏற்றத்தில், மாலை நெரிசலில், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். கிளட்சின் வெப்ப எண் ஏறிக்கொண்டே வருவதை அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான்காவது முறை நின்று கிளம்பியபோது வண்டி உதறியது. அவர் திரையை அப்படியே சேமித்துக்கொண்டு, “சரி, இப்போது திரும்பலாம்” என்று மட்டும் சொன்னார். ஜாப் கார்டில் நான் சொன்ன வார்த்தைகளையே எழுதி, கீழே வெப்ப அளவையும் ஒற்றைப்படை கியர்களுக்கான கிளட்ச் சீராகப் பற்றவில்லை என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டார். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்வண்டி சற்று நகர்ந்த பிறகு ஒரேயடியாகக் கிளம்புங்கள் என்று பயனுள்ள அறிவுரையும் தந்தார். அதைப் பின்பற்றியதில் உதறல் குறைந்தது, நிற்கவில்லை.

அந்த ஜாப் கார்டை இணைத்து, 56-ஆம் பிரிவையும் தேதிகளையும் குறிப்பிட்டு, மோட்டார் துறை ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் செய்ய இருக்கிறோம் என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். ஆம்பட்ஸ்மேனை நாடும் முன் விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்பு அளித்திருக்க வேண்டும். அதனால் அந்தக் கடிதம் எப்படியும் தேவைதான். பத்து நாளில் பதில் வந்தது: கிளட்ச் தொகுதி முழுவதையும் இலவசமாக மாற்றித் தருகிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்கவே மகள் வற்புறுத்தினாள். கடன் கணக்கை முடித்து, விலை ஏறிவிட்ட சந்தையில் மீண்டும் வண்டி தேடும் தெம்பு எனக்கு இல்லாததால் நான் சம்மதித்துவிட்டேன். அது சரியா என்று இன்றும் வீட்டில் வாக்குவாதம் உண்டு.

அக்டோபரில் உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டார்கள். நாட்டுக்குள் ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை. 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்தில் நெரிசல் முற்றி, வெளிக்கடலில் கப்பல்கள் வரிசைகட்டிக் காத்துக் கிடந்தன. உங்கள் கிளட்ச் கப்பலில் இருக்கிறது என்றார்கள்; துறைமுகத்தை ஒட்டிய பிளஃப் மேட்டில் நின்று பார்த்தால் கடல் நெடுகக் கப்பல்கள் தெரிந்தன, எதில் என்பதுதான் தெரியவில்லை. இரவல் வண்டியை முதல் இரண்டு வாரத்தோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் மாரிட்ஸ்பர்க்கிலேயே கிளட்சை மாற்றினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஏற்றத்தில் ஒருமுறைகூட உதறவில்லை. புதிதாக எடுப்பவர்கள் வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்; முக்கியமான உதிரிபாகங்களுக்கு இந்நாட்டில் கிடங்கு இருக்கிறதா, இல்லாத பாகம் வந்துசேர எத்தனை வாரம், அதுவரை இரவல் வண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

இதே வண்டியை வைத்திருக்கும் வேறு இருவரை அறிவேன். ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேஷியாவில் இருக்கும் என் மைத்துனருக்குக் கியர்பாக்ஸில் எந்தக் குறையும் இல்லை; அவர் ஓட்டும் சாலைகள் பெரும்பாலும் சமதளம். குழிகள் நிறைந்த தெருக்களால் முன்சக்கர புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகங்கள்) 40,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டன, தேய்மானம் என்று சொல்லி அவரிடம் காசு வாங்கிவிட்டார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் என் பணித்தோழருக்கு எங்களைப் போலவே ஏற்றத்தில் உதறல். அவர் இப்போதுதான் ஜாப் கார்டில் எழுதி வாங்கத் தொடங்கியிருக்கிறார். மூன்று வண்டிகளை வைத்து ஒரு கம்பெனியை எடைபோட முடியாது என்பதை அறிவேன்.

சர்வீஸ் பிளான் முடிந்துவிட்டதால், 75,000 கிலோமீட்டர் சர்வீஸை எங்கே செய்வது என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், வாரண்டிக் காலத்திலும் தனியார் மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்துகொள்ளலாம்; அதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய இயலாது. அவருடைய வேலையால் ஏதேனும் கெட்டால் அந்தப் பாகத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, அவ்வளவுதான். பில்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் அந்தச் சலுகையைப் பயன்படுத்தப் போவதில்லை; 80 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் மாரிட்ஸ்பர்க்கிலேயே கொடுப்பேன், அன்று மதியச் சாப்பாடும் அம்மா கையால்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது. அம்மா வீட்டு வாசலில் ஜக்கராண்டா மரம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் சன்ரூஃப் ஓரத்திலிருந்து பின்னிருக்கையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியபோது, இலைத்துணுக்கு வடிகால் குழாயை அடைத்திருக்கிறது, இது பராமரிப்புக் குறைபாடு, வாரண்டியில் வராது என்று வாங்கிய ஒர்க்‌ஷாப்பில் 1,450 ரேண்ட் வசூலித்தார்கள். இலை அடைத்தால் அவர்கள் சொல்வது நியாயமே. அடுத்த மழையிலும் சொட்டியது. மாரிட்ஸ்பர்க்கில் கூரையின் உட்துணியைச் சற்றே இறக்கிப் பார்த்ததில், குழாய் அதன் இணைப்பிலேயே சரியாகச் செருகப்படாமல் கழன்று கிடந்தது. வாரண்டியிலேயே சரிசெய்து, புகைப்படமும் அனுப்பினார்கள். அந்தப் படத்தோடு 1,450 ரேண்டைத் திருப்பிக் கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதியாயிற்று. மூன்றாவதை மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.