லண்டனுக்கு நாயை மடியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் காசு கட்டாதீர்கள்

திருகோணமலையில் இருந்து வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள், வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தால், முற்பணம் கட்டுமுன் இதை ஒருதரம் வாசியுங்கள். நகரில் விசா, டிக்கெட் வேலை பார்க்கும் ஒருவர் இப்போது செல்லப்பிராணிகளையும் அனுப்பித் தருவதாகப் பலகை போட்டிருக்கிறார். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர் எங்களுக்கு என்ன விற்றார் என்பதை மட்டும் விபரமாக எழுதுகிறேன். இதே சரக்கை வேறு ஆட்களும் விற்கக்கூடும்.

அப்பா போனபிறகு அம்மா உவர்மலை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். துணை என்றால் ஜிம்மி. பொமரேனியன் கலப்பு, 6 கிலோ வரும். லண்டனில் இருக்கும் அக்கா விசா எடுத்துக் கொடுத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அவனை விட்டுட்டு நான் வரமாட்டன்." அந்த வார்த்தையைத்தான் முகவர் பிடித்துக்கொண்டார்.

"அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளை உங்கட மடியிலதான் இருக்கும்," என்றார். பிறகு போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். 2018இல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருந்து நியூயோர்க் போன விமானத்தில் ஒரு பிரெஞ்சு புல்டோக் குட்டி இறந்துபோன செய்தி. "கீழ சரக்கோட போட்டா இதுதான் நடக்கும்" என்று சொன்னார். அம்மா அழுதேவிட்டார். ஆனால் அந்தக் குட்டி இறந்தது சரக்கறையில் இல்லை. பயணிகள் இருக்கும் கேபினில், தலைக்கு மேலே பை வைக்கும் பெட்டிக்குள். கேபினில் நடந்த சாவைக் காட்டித்தான் கேபின் இடம் விற்றார் அந்த மனிதர்.

அவர் வாங்கியது 185,000 ரூபா. அதற்குத் தந்தவை: கேபின் அனுமதிக் கட்டணம் என்று எழுதிய ஒரு பற்றுச்சீட்டு, துணியால் செய்த ஒரு பை, ஒரு இரத்தப் பரிசோதனை அறிக்கை, நித்திரைக்கு இரண்டு மாத்திரை, பிறகு பொன்நிற முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். அம்மாவின் மனநலனுக்கு இந்த நாய் அவசியம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட வைத்தியரை அம்மா கண்டதே இல்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பிள்ளை அந்தச் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து மரியாதையாகவே சொன்னார்: பிரிட்டனுக்கு வளர்ப்பு நாய் கேபினில் போக முடியாது, பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட பாதைகளில்தான் இடமுண்டு, மற்றவை முன்பதிவு செய்து சரக்காகத்தான் போகவேண்டும். அம்மாவின் டிக்கெட்டை மாற்ற வழியில்லை. ஜிம்மியை என் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். நானும் ஜிம்மியும் விமான நிலையத்துக்கு வந்த அதே வான் வண்டியில் ஹபரணை, கந்தளாய் என்று விடிய விடியத் திரும்பி வந்தோம்.

போனில் முகவர் சொன்ன பதில் இது: "அமெரிக்காவில சட்டம் மாறிட்டுது தம்பி, நான் என்ன செய்ய?" சட்டம் மாறியது உண்மை. மன ஆறுதலுக்கு என்று கடிதம் கொடுத்துப் பலவகைப் பிராணிகளையும் கேபினில் ஏற்றலாம் என்ற நிலை அமெரிக்காவில் முன்பு இருந்தது. 2018இல் ஒருவர் மயிலோடு நியூவர்க் விமான நிலையத்துக்கு வந்து நின்ற கூத்தும் நடந்தது. கடைசியில் 2020 டிசம்பரில் புதிய விதி போட்டு, 2021 ஜனவரி 11 முதல் அந்தக் கடிதத்துக்கு இருந்த சட்டக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் காசு வாங்கியது அதற்கு எவ்வளவோ பிறகு. அதோடு, அமெரிக்க விதி எப்படி இருந்தாலும் லண்டனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரத்த அறிக்கையைப் பாலையூற்றுப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஹீமோகுளோபின், தட்டணுக்கள், வெள்ளணுக்கள் என்று சாதாரணக் காய்ச்சலுக்கு எடுக்கும் கணக்கு அது. பிரிட்டன் கேட்பது விசர்நாய்த் தடுப்பூசி உடம்பில் வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அதை அவர்கள் அங்கீகரித்த ஆய்வுகூடத்தில்தான் செய்யவேண்டும். ஊசியால் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலீட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கவேண்டும்.

அவர் விளக்கிய ஒழுங்கை அப்படியே தருகிறேன். முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப். அதன் பிறகுதான் தடுப்பூசி. ஊசி முதலில் போட்டு சிப்பைப் பிறகு வைத்தால் அந்த ஊசி கணக்கில் வராது, திரும்பப் போடவேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும். இலங்கை போன்ற நாடுகளில் இருந்து போவதென்றால், இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆக, புதிதாகத் தொடங்கும் நாய்க்கு நான்கு மாதத்துக்குக் குறைந்து எவராலும் முடித்துத்தர முடியாது. 'மூன்று கிழமையில் அனுப்பலாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடலாம். கடைசியாக, அங்கே போய்ச் சேருவதற்கு முன், 24 மணித்தியாலத்துக்கும் 120 மணித்தியாலத்துக்கும் இடையில் மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் நாயைத் திருப்பி அனுப்பலாம், அல்லது நான்கு மாதம் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். செலவு முழுக்க நம் தலையில். அன்று கவுண்டரில் மறித்திராவிட்டால் ஜிம்மி அங்கே போய்த்தான் அகப்பட்டிருப்பான்.

நித்திரை மாத்திரையைப் பார்த்ததும் வைத்தியருக்குக் கோபமே வந்தது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ஆகாயத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் குழம்பலாம், உடம்புச் சூட்டைச் சமாளிக்கவும் முடியாது. பக், புல்டோக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பிரச்சினை ஏற்கெனவே உண்டு. அதனால்தான் பல விமான சேவைகள் அவற்றைச் சரக்கில் எடுப்பதே இல்லை. துணிப் பையும் வீண். சரக்கில் போகும் நாய்க்கு உறுதியான கூடு வேண்டும். அதற்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கவேண்டும். பிராணிகளை ஏற்றும் சரக்கறையில் காற்றழுத்தமும் சூடும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பெட்டிகளுக்கு நடுவே குளிரில் விறைத்துச் சாகும் என்று அம்மாவுக்கு ஊட்டிய பயம் பொய்.

இதற்கிடையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறொரு சண்டை. "மனிசர் சாப்பிடுற இடத்தில நாயா? ஒவ்வாமை உள்ளவன் எங்க போறது?" என்று பெரியப்பா. "கத்துற பிள்ளையை விட நாய் திறம்" என்று கனடாவில் இருக்கும் மச்சாள். 2023இல் பாரிஸில் இருந்து சிங்கப்பூர் போன விமானத்தில், பக்கத்து நாயின் வாயுத் தொல்லைக்காகக் காசைத் திருப்பி வாங்கிய தம்பதியின் கதையை யாரோ போட, எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதி பெரியப்பா பக்கம்தான். 2017இல் அமெரிக்க விமானம் ஒன்றில் அப்படியொரு ஆறுதல் நாய் பக்கத்துப் பயணியின் முகத்தைக் கடித்திருக்கிறது. நாய்க்கடி என்றால் தடுப்பூசிக்கு ஓடும் ஊரில் வளர்ந்தவர்கள் நாயைக் கண்டு ஒதுங்குவதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் கேபினில் நாய் ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது போகும் நாட்டின் விதியும் அந்த விமான சேவையின் விதியும். கட்டார் விமான சேவையில் வேட்டைப் பருந்து கேபினில் போகலாம், வளர்ப்பு நாய்க்கு அந்த இடம் இல்லை. இந்த விதிகளை எல்லாம் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். முகவரிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: நாயின் பதிவை உறுதி செய்து விமான சேவை அனுப்பிய கடிதம் எங்கே? எங்களுடைய கோப்பில் அது இல்லை.

காசைக் கேட்டபோது பற்றுச்சீட்டின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: 'சேவைக் கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது.' அதே சீட்டில் வியாபாரப் பதிவு இலக்கத்தைக் காணவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொன்னேன். ஜிம்மிக்குச் சிப் வைத்து, ஊசியும் புதிதாகப் போட்டாயிற்று. இரத்தம் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

இவரிடம் காசு கட்டியவர்கள் இன்னும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அந்தப் பொன்நிறச் சான்றிதழோ பற்றுச்சீட்டோ கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.