வட்டத் தட்டு டீஹைட்ரேட்டரும் என் 4,890 ரூபாயும்

எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிக் கதவுக்கு அசோசியேஷன் பூட்டு. பால்கனியில் வெயில் எட்டு மணிக்கு வந்து ஒன்பதரைக்குப் போய்விடும். இந்த லட்சணத்தில் போன ஐப்பசியில் அம்மா அரை கிலோ மிளகாயைக் கீறி மோரில் போட்டார். அன்று ராத்திரியே சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் பூசணம் பூத்த மிளகாயைக் குப்பையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தபோதுதான் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது.

ஒரு பெண் தட்டுகளை மேசை டிராயர் மாதிரி இழுத்து இழுத்துக் காட்டுகிறார். தக்காளி, மாங்காய், சுண்டைக்காய், முருங்கைக்கீரை, எல்லாம் சருகாகக் காய்ந்திருக்கின்றன. டீஹைட்ரேட்டராம், கரண்டில் சூடான காற்றை ஊதிக் காயவைக்கும் மெஷின். ஆறு தட்டு, 500 வாட், 35 முதல் 70 டிகிரி வரை, எதுவானாலும் மூன்றே மணி நேரம். விலை 4,890, இன்று மட்டும், முழுப் பணமும் முன்கூட்டியே. யுபிஐயில் அனுப்பிவிட்டேன். "வத்தல் போட மெஷினா?" என்று அம்மா கேட்டதற்கு, பெரிய மனுஷி போலச் சிரித்தேன்.

மூன்று மணி நேரம் என்ற இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்தால் நூறு கிராம்கூடத் தேறாது. அத்தனை தண்ணீரும் வெளியேற நல்ல மெஷினிலேயே எட்டு, பத்து மணி நேரம் ஆகும். 500 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு நான்கு யூனிட். இந்தக் கணக்கையெல்லாம் பணம் போன பிறகுதான் போட்டேன்.

வந்த மெஷினில் தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கினேன். எட்டு மணி நேரம் கழித்து, அடித்தட்டில் இருந்தவை விளிம்பு கருகி மேலே தோல் மாதிரி இறுகியிருந்தன. மேல்தட்டில் இருந்தவை அப்படியே ஈரமாக, புளித்த வாடையோடு கிடந்தன. இறுகியது காய்ந்துவிட்டது என்று நம்பி பாட்டிலில் போட்டேன். நான்காம் நாள் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்வை, துண்டுகளின் நடுவில் வெள்ளைப் பூசணம். சூடு அதிகமானால் வெளித்தோல் முதலில் இறுகி உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சந்தேகம் வந்து சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். குமிழை 40-இல் வைத்தால் அடித்தட்டு 66, மேல்தட்டு 38. குமிழை 70-க்குத் திருப்பினாலும் அதே 66, அதே 38. குமிழ் சும்மா சுற்றுகிறது, அவ்வளவுதான். அடுத்து ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இதை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டி ஈபி மீட்டரைப் பார்த்தேன். 500 வாட் என்றால் ஒன்றரை யூனிட் ஓடியிருக்க வேண்டும். ஓடியது 0.6. ஆக, 200 வாட் சரக்கு.

அதோடு விட்டிருக்கலாம். மறுபடி மோர்மிளகாய் போட்டேன். வடிகட்டித்தான் வைத்தேன், ஆனாலும் சொட்டிய மோர் நேராக அடியில் இருக்கும் ஹீட்டரிலும் ஃபேனிலும் இறங்கியது. தயிர் தீய்ந்த நாற்றம், ஒரு சடசடப்பு, வீடு முழுக்க ட்ரிப். "வெயில் இல்லேன்னா வத்தல் போடாம இருந்திருக்கலாமேடி" என்றார் அம்மா.

விற்றவருக்கு ஃபோன் போட்டேன். "அன்பாக்சிங் வீடியோ இருக்கா மேடம்?" இல்லை. "அப்போ ரிட்டர்ன் எடுக்க முடியாது மேடம். நீங்க ஈரமா வெச்சிருக்கீங்க." காயவைக்கும் மெஷினில் ஈரமாக வைக்காமல் வேறெப்படி வைப்பது என்று கேட்டேன். லைன் கட். அன்றே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் யார்மேல் போடுவது? பெட்டியில் ஒரு கைபேசி எண்ணைத் தவிர எதுவும் இல்லை. ஆன்லைனில் விற்பவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தில் அவை இல்லை என்பதைப் பணம் அனுப்பும் முன் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. பணம் வரவில்லை, இனி வராது.

டீஹைட்ரேட்டரே தண்டம் என்று சொல்ல வரவில்லை. நாத்தனார் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஃபேன் பின்பக்கம், தட்டுகள் டிராயர் மாதிரி. காற்று பக்கவாட்டில் வருவதால் எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காய்கிறது, சொட்டுவதும் ஹீட்டரில் விழுவதில்லை. அதில் 40 டிகிரியில் வைத்த கறிவேப்பிலை பச்சை மாறாமல் நொறுங்கியது. முருங்கைக்கீரையும் அப்படித்தான். கொத்தவரங்காயை உப்புப் போட்டு வேகவைத்து 55-இல் வைத்தால் வெயிலில் போட்ட வத்தலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பக்கத்தில்தான், அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். ஃபேன் அடியில் இருக்கும் அடுக்குத் தட்டு மெஷின்களிலும் நல்லவை உண்டு. இரண்டு மணிக்கொரு தடவை தட்டுகளை மேலும் கீழும் மாற்ற வேண்டும், மோர் சொட்டும் எதையும் அதில் வைக்கக் கூடாது. எந்த மெஷினானாலும், காய்ந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு வாரம் வைத்துத் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே வியர்த்தால் உடனே எடுத்து மறுபடி காயவையுங்கள். பூசணம் வந்துவிட்டால் துடைத்துச் சாப்பிடலாம் என்ற பேச்சே வேண்டாம்.

போன வாரம் அந்த வீடியோ மறுபடி என் ஃபோனில் வந்தது. வேறு பேரில் ஒரு பக்கம், விலை 3,990. அதே பெண், அதே தக்காளி. இந்தத் தடவைதான் கவனித்தேன்: அவர் இழுக்கும் தட்டுகள் சதுரம். எனக்கு வந்தவை வட்டம். விளம்பரத்தின் கீழே, "மழைக்காலத்துல மோர்மிளகாய் வருமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "சூப்பரா வரும் மேடம்" என்று பதில் போட்டிருந்தார்கள்.