எருமேலிப் பெருவழியா, புல்மேட்டுப் பாதையா?

கம்பம் மெட்டோ குமுளியோ கடந்து மலையாள நாட்டுக்குள் நுழையும் நம் ஊர் ஐயப்பமார், சபரிமலைக்குக் காட்டுவழி நடப்பதென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பெருவழிப்பாதை எருமேலியில் பேட்டை துள்ளி (வண்ணம் பூசி ஆடும் சடங்கு), ஐயப்பனின் இஸ்லாமியத் தோழர் வாவரின் பள்ளிவாசலை வலம்வந்து தொடங்குகிறது. அழுதை, கரிமலை, பம்பை, நீலிமலை என்று 45 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்த வழியில், இடையில் ஓரிரவாவது தங்காமல் முடிப்பவர் குறைவு. அழுதை ஆற்றில் முங்கி எடுத்த கல்லை, ஈரம் காயுமுன் மடியில் முடிந்துகொண்டு மூச்சிரைக்க மேடேறி, கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு நிமிர்கிறபோது, முதல்முறை மலையேறும் கன்னிசாமியின் முகத்தில் தெரியும் நிம்மதியை வேறெந்தப் பாதையும் தராது. கரிமலை ஏற்றம் கடினம்தான். என் கணிப்பில் இறக்கம் அதைவிடக் கொடியது, முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

வண்டிப்பெரியாறு வழியே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சத்திரம் என்ற ஊரைச் சேர்ந்தால், அங்கிருந்து புல்மேடு வழியாகச் சன்னிதானம் சுமார் 12 கிலோமீட்டர்தான். பம்பையும் நீலிமலையும் இதில் இல்லை. உரல்குழித் தீர்த்தத்தை ஒட்டி நேரே இறங்கிவிடலாம். ஆனால் புல்வெளியில் நிழல் கிடையாது, பெரியாறு புலிகள் காப்பகம் என்பதால் பிற்பகலுக்குப் பின் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். 2011 ஜனவரி 14 அன்று மகரஜோதி கண்டு திரும்பிய 100-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் உயிரிழந்தது இந்தப் புல்மேட்டில்தான். ஆகவே மகரவிளக்கு நாளில் இவ்வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதன்முறை மாலையிட்டவருக்கும் விடுப்பு இருப்பவருக்கும் பெருவழி; ஒரே நாள் கிடைத்த தோட்டத் தொழிலாளிக்குக் கார்த்திகை மாதத்துச் சத்திரம்.