ஃபயர்வயர் இன்டர்ஃபேஸை யூஎஸ்பி என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று, எட்டு மைக் மாட்டக்கூடிய பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் கருவி) ஒன்றை வாங்கினேன். "யூஎஸ்பியில் வேலை செய்யும், ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம்" என்று விற்றவர் எழுதியிருந்தார்.

பெட்டியைப் பிரித்தால் பின்பக்கம் இருந்தது ஃபயர்வயர் போர்ட், அதாவது யூஎஸ்பி அல்லாத வேறொரு பழைய இணைப்பு வகை. கூடவே விரல் நுனி அளவில் ஒரு கன்வெர்ட்டர். கேட்டதற்கு, "அதை மாட்டினால் யூஎஸ்பி ஆகிவிடும்" என்றார். பவர் அடாப்டரைச் செருகினேன், விளக்குகள் எரிந்தன. மைக்கில் பேசினால் சிக்னல் விளக்கும் பச்சையாக மின்னியது. சரி, கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இணைத்த கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லை.

டிரைவர் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) கோளாறு என்றார் விற்றவர். டிரைவரைப் போட்டேன். கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றினேன். அப்புறம் விண்டோஸையே புதிதாக நிறுவச் சொன்னார். அதையும் செய்து முடித்தபோது அந்த ஒரு வாரம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. என்னை அலைக்கழித்ததே நாளைக் கடத்தத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் நண்பர் அந்தக் கன்வெர்ட்டரைப் பார்த்ததுமே பிடுங்கி வைத்துவிட்டார். அதற்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் கம்பி இணைப்புதான். யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் கருவி பதில் தரும். ஃபயர்வயரில் கருவிகள் தாமாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு முறை, முனையை மட்டும் மாற்றினால் சேராது. இதைவிட மோசம், ஆறு பின் ஃபயர்வயரில் 30 வோல்ட் வரை மின்சாரம் வரலாம். யூஎஸ்பி போர்ட் 5 வோல்ட்டுக்கானது. என் போர்ட் கருகாமல் தப்பியது பெரிய விஷயம்.

இந்தக் கருவிக்குச் சரியான வழி, டெஸ்க்டாப்புக்கு உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடுவது. மேக் என்றால் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பிலிருந்து ஃபயர்வயருக்கு மாற்றும், ஆப்பிள் வெளியிட்ட அடாப்டர் உண்டு, ஆனால் மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். எந்த வழியில் போனாலும் உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸிலும் இதே பொறி இருக்கிறது: டைப் சி முனை பொருந்தும், ஆனால் தண்டர்போல்ட் இல்லாத போர்ட்டில் தண்டர்போல்ட் மட்டுமே உள்ள கருவி ஓடாது.

பழைய இன்டர்ஃபேஸ் வாங்கினால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். விளக்கு எரிவதைக் காட்டினால் போதாது. கம்ப்யூட்டரில் இணைத்து, ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதைத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த விற்பனையாளரின் விளம்பரம் இன்னும் இருக்கிறது, அதே கன்வெர்ட்டர் படத்தோடு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் தயவுசெய்து அந்தக் கன்வெர்ட்டரைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்காதீர்கள், திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள்.